கடைக்குட்டி மேட்டின் சிவப்பு மூடி

தார்ப்பாயின் ஒரு முனை அம்மாவின் கையில் இருந்தது, மறுமுனை மகளின் கையில். நடுவில் காற்று புகுந்து அதைப் பானை வயிறு போல உப்ப வைத்தது.

"இழுத்துப் பிடிடி. உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடப் போகுது."

"நாலு முளை அடிச்சா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்மா. வண்டியிலேயே இருக்கு."

"முளையா? இந்த மேட்டுலயா?" அம்மா தார்ப்பாயை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். முனை பறந்து வந்து மகளின் முகத்தில் அடித்தது. "நான் இங்க ஒரு குடைக்கம்பியக்கூட ஊனினதில்ல. இன்ஜினியரம்மா வந்து முளை அடிக்கறாங்களாம், முளை!"

ஆகவே மணல்மூட்டைகள். மகள் வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுமந்து வந்தாள். அம்மா ஓரமாக நின்று, இங்கே வை, அதைக் கொஞ்சம் நகர்த்து, காலையில் சாப்பிட்டாயா இல்லையா என்று மேஸ்திரி வேலை பார்த்தாள். தார்ப்பாய்க்கு அடியில், மேட்டின் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருந்தது. ஆள் ஒருவர் ஒருக்களித்து நுழையும் அகலம், இடுப்பளவு ஆழம். மழைக்காலம் தொடங்குவதற்குள் அதை மூடியாக வேண்டும். மூடுவதற்கு முன் அடியில் வைக்க ஒரு பீங்கான் ஓடு வேண்டும். அதற்கு ஒரு கடையில் சொல்லி வைத்திருந்தாள் அம்மா.

"நாளைக்குப் போய் ஓட்டு வேலைய முடிச்சிட்டு வந்துடறேன். சனிக்கிழமை மூடிடலாம். நீ லீவு போடு."

"போடறேன்."

"போடறேன்னுதான் சொல்லுவ. அப்புறம் பைப் உடைஞ்சிடுச்சு, ரோடு மூழ்கிடுச்சும்ப."

அது அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

அம்மாவை எல்லோரும் மேட்டுக்காரம்மா என்றார்கள். நெடுஞ்சாலைக்கும் கிடங்குகளுக்கும் இடையே ஆறு புதைமேடுகள் இருந்தன. எழுத்து பிறப்பதற்கு முன்பு வாழ்ந்த யாரோ, தங்களில் இறந்தவர்களைக் கிடத்தி, மேலே மண் சுமந்து குவித்தவை. இப்போது அவற்றின் தலைக்கு மேல் மின்கம்பி ஓடியது. ஒரு பக்கம் லாரி எடை போடும் மேடை, இன்னொரு பக்கம் டயர் கடை. வண்டியில் போகிறவர்களுக்கு அவை வெறும் புல் முளைத்த திட்டுகள். நகராட்சியின் தாள்களில் எண்களாக இருந்தன. அம்மா எண் சொல்ல மாட்டாள். உயரமானது பெரியவர். பழைய திருடர்கள் உச்சியைக் குடைந்ததில் நடுவே பள்ளம் விழுந்தது ஒட்டகம். பக்கத்துப் பக்கத்தில் நிற்பவை இரட்டையர். உழுது உழுது தேய்ந்தது சப்பட்டை. ஒரு கிடங்கின் மதில் ஓரமாக, மற்றவற்றிலிருந்து விலகி, நாற்காலி உயரத்துக்குச் சற்றே மேலாக நின்றது கடைக்குட்டி.

முதல் ஐந்தும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. அந்தத் தாள்களில் கடைக்குட்டிக்கு நேராக மட்டும் "இருக்கலாம்" என்று எழுதியிருந்தது. மேடாக இருக்கலாம், மண் கொட்டிய குவியலாகவும் இருக்கலாம். பின்னால் வந்த தொல்லையெல்லாம் அந்த ஒரு சொல்லில் ஆரம்பித்தது.

அம்மா நகராட்சிப் பூங்காப் பிரிவில் புல்வெட்டும் வண்டி ஓட்டினாள். மேற்பார்வையாளர் ஒருவர் வண்டியை எடுக்கத் தெரியாமல் எடுத்துக் கதவில் இடித்ததை எல்லோர் முன்னாலும் நடித்துக் காட்டிவிட்டாள். மறுவாரமே இந்த மேடுகளுக்கு மாற்றல். நிழல் இல்லை, குழாய் இல்லை, பேச ஆள் இல்லை. தண்டனைக்கென்றே தேர்ந்தெடுத்த இடம். முதல் நாள் பெரியவர் மேல் வண்டியை ஏற்றி, கத்தியை ஒட்ட இறக்கி, உச்சியை மொட்டை அடித்தாள். பழுப்பு மண் பளபளத்தது. சுத்தமாக இருக்கிறதே என்று அவளுக்குப் பெருமை வேறு.

அப்போதிருந்த தொல்லியல் அதிகாரி ஓடி வந்தார். திட்டவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டிய மண் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள். அன்று வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்:

"யாரோ வேல மெனக்கெட்டுச் சுமந்து போட்டிருக்காங்க. நான் போய் சவரம் பண்ணிட்டேன்."

அதன் பிறகு அவளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டுக் கையால் தள்ளும் சின்ன இயந்திரத்தை எடுத்துப் போவாள். மேல் அதிகாரிகள் மாறினார்கள், தண்டனை என்பதும் மறந்து போனது. ஓய்வு பெற்ற பிறகும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்காமல், தினமும் பஸ் பிடித்துப் போய் ஒரு சுற்று வந்தாள். யார் கேட்டாலும் பதில் தயார்: "நான் ரிட்டயர் ஆயிட்டேன். அவங்க ஆகலையே."

மேட்டுக்கு எதிரிகள் பல வகை. மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்குகிறவர்கள். கல்யாண போட்டோ எடுக்க உச்சியில் நிற்கிறவர்கள். உலோகம் தேடும் கருவியோடு அந்தி நேரத்தில் வருகிறவர்கள். ஆனால் அம்மா அதிகம் சிரித்துச் சிரித்துச் சொன்னது மரம் நட வந்தவர்களைப் பற்றி. ஒரு வங்கியின் ஆட்கள் தொப்பி, பனியன், கேமரா சகிதம் வந்து, மேடு மேடாக மரக்கன்று நடப் போவதாகச் சொன்னார்கள்.

"இங்க மரம் நடக்கூடாதுங்க."

"அம்மா, மரம் வேண்டாம்னு சொல்ற முதல் ஆளு நீங்கதான்."

"மரம் நல்லதுதாங்க. வேரு அடியில போய் ஒருத்தர் விலா எலும்புக்குள்ள நுழையுமே, அதான் வேண்டாங்கறேன். உங்க பேங்க் வாசல்ல நிறைய இடம் கிடக்கு, வாங்க, நானே வந்து தண்ணி ஊத்தறேன்."

கன்றுகள் வங்கி வாசலுக்கே போயின. அம்மா சொன்னபடி தண்ணீரும் ஊற்றினாள். அந்த வழியாக எப்போது போனாலும் பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "என் பிள்ளைங்க" என்பாள்.

பெரிய எதிரி முயல். முயல் வளை தோண்டினால் மண் வெளியே வரும். மண்ணோடு பானை ஓடும் எலும்பும் வரும். வளை காலியானதும் அதை அடைத்தாக வேண்டும். அடைப்பதற்கு ஒரு முறை இருந்தது. தொல்லியல் ஆட்கள், தோண்டிய குழியை மூடும்போது அடியில் தங்கள் காலத்துப் பொருள் ஒன்றை வைப்பார்கள். என்றைக்கோ ஒருநாள் வேறு யாராவது தோண்டினால், அந்தப் பொருள் வரைக்கும் புதுசு, அதற்குக் கீழே பழசு என்று தெரியும். நாணயம் வைப்பது நல்லது, அதில் வருடம் இருக்கும் என்று அந்தப் பழைய அதிகாரி சொல்லியிருந்தார்.

அம்மா யோசித்துப் பார்த்தாள். நாணயம் உலோகம். அந்தி நேரத்து ஆட்களின் கருவி கீச்சென்று கத்தும். அவர்கள் புதையல் என்று நினைத்துத் தோண்டுவார்கள். காப்பதற்கு வைத்ததே காட்டிக் கொடுக்கும். அதனால் அவள் பிளாஸ்டிக் மூடி வைத்தாள். லாரிக்காரர்கள் டீக்கடையில் குடித்துப் போட்ட சோடா பாட்டில்களின் சிவப்பு மூடி. வீட்டில் குளிர்பெட்டியின் மேல் ஒரு டப்பா நிறைய இருக்கும். சின்ன வயதில் மகள் பொம்மை வண்டிக்குச் சக்கரம் வேண்டுமென்று அதில் கை வைத்தால் அடி விழும். "அது ஆபீஸ் சாமான்டி!"

மகள் வளர்ந்து வடிகால் பொறியாளர் ஆனாள். நகரமெங்கும் தோண்டிக் குழாய் போடுகிற வேலை. மண் கலக்காமலிருக்கத் தெருவுக்கு அடியில் விரிக்கும் வெள்ளைத் துணியின் மிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு அடைத்த வளைகளில் மூடிக்கு மேல் துணியும் இருந்தது. அதற்கு முன் அடைத்தவற்றில் மூடி மட்டும். எங்கெங்கே அடைத்தோம் என்று அம்மா எழுதி வைத்ததில்லை. "எனக்குத் தெரியாதா?" என்பாள். தெரியும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும்.

"நீ தோண்டறவ, நான் மூடறவ" என்று மகளிடம் அடிக்கடி சொல்வாள். "ஒரே வீட்டுல எப்படித்தான் இருந்தோமோ."

கடைக்குட்டிக்கு ஆபத்து மாமா வடிவில் வந்தது. மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த கிடங்கில் லாரிகளை உள்ளே விட்டு வெளியே அனுப்பும் பொறுப்பு அவருக்கு. கிடங்கின் வாசல் கடைக்குட்டிக்கு நேராக இருந்தது. நீள லாரிகள் மேட்டைச் சுற்றிப் பின்னோக்கி வந்துதான் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பிய ஒரு லாரி சுமைதூக்குபவர் ஒருவரின் பாதத்தில் ஏறியது. மாமா அவரை மருத்துவமனைக்குத் தூக்கிப் போன கையோடு அக்கா வீட்டுக்கு வந்தார்.

"அக்கா, உன் கடைக்குட்டிய எடுத்துடலாம்னு கம்பெனியில பேசறாங்க. நானும் சரின்னுட்டேன்."

"நீ யாருடா சரி சொல்ல?"

"அவன் கால் எலும்பு தூளாயிடுச்சு. நான் பாத்தேன், நீ பாக்கல. செத்தவங்களுக்காக உயிரோட இருக்கறவன் பொழப்புல மண்ணப் போடாத."

"லாரி ஓட்டத் தெரியாதவனுக்கு என் மேடு என்னடா பண்ணும்? வாசலை அந்தப் பக்கம் வைங்க."

"அந்தப் பக்கம் மழை பெஞ்சா முழங்கால் தண்ணி நிக்கும். உன் பொண்ணையே கேளு, சொல்லுவா."

மகள் சொல்லவில்லை. சொன்னால் இருவரில் ஒருவர் சாப்பிடாமல் எழுந்து போவார்கள் என்று தெரியும். மாமா சாப்பிட்டு, இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டு, கோபமாகவே போனார்.

கிடங்கு நிறுவனம் மண் ஆய்வாளர் ஒருவரை அமர்த்தியது. கடைக்குட்டி புதைமேடுதானா என்று பார்க்க ஒரே ஒரு துளை போடலாம் என்று தொல்லியல் துறை அனுமதி கொடுத்தது. ஆய்வாளர் நல்ல மாதிரி, மெதுவாகப் பேசுகிறவர். அம்மா அவர் பக்கத்திலேயே நின்றாள், டாக்டர் ஊசி எடுக்கும்போது குழந்தையின் தாய் நிற்பது போல. குழாய் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. இது தான் அடைத்த தளர்ந்த மண் என்று அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. குழாயை வெளியே இழுத்துத் திறந்தார் ஆய்வாளர். மண்ணுக்கு நடுவே சிவப்பு மூடி ஒன்று பல்லைக் காட்டியது.

"ஐயையோ, இது என்னுது" என்றாள் அம்மா.

"உங்க பாட்டிலா?"

"பாட்டில் இல்லைங்க, மூடி. நான்தான் வச்சேன்."

"எதுக்கு?"

"பின்னாடி யாராவது தோண்டினா தெரியட்டும்னு."

"என்ன தெரியட்டும்னு?"

"முயல் தோண்டுச்சு, நான் மூடினேன்னு."

ஆய்வாளர் சிரிக்கவில்லை. முழங்கை ஆழத்தில் பிளாஸ்டிக் இருந்தது என்றும், குவியல் நம் காலத்தது என்றும், பாதுகாப்புத் தேவையில்லை என்றும் அறிக்கை எழுதினார். கண்டதை எழுதினார், அவரைக் குறை சொல்ல முடியாது.

நகராட்சிக் கூடத்தில் கூட்டம் நடந்தது. மேசையின் ஒரு பக்கம் இப்போதைய தொல்லியல் அதிகாரி, தலை நரைக்கத் தொடங்கிய பெண்மணி. ஒரு பக்கம் ஆய்வாளரும் நிறுவனத்து ஆட்களும். பின் வரிசையில் மாமா. அம்மா ஆரஞ்சு ஜாக்கெட்டோடு எழுந்து நின்றாள். மகள் பக்கத்தில்.

"அந்த மூடிய எந்த வருஷம் வச்சீங்கம்மா?" என்றார் அதிகாரி.

மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வண்டியைக் கதவில் இடித்த மேற்பார்வையாளரை நடித்துக் காட்டிய முகம் அது. அதில் இப்படி ஒரு தடுமாற்றத்தை அவள் பார்த்ததில்லை.

"முயல் தொல்லை ஜாஸ்தியா இருந்த வருஷம், மேடம்."

யாரோ சிரித்தார்கள். மாமா திரும்பி அவர்களை முறைத்தார். அக்காவை அவர் திட்டலாம். வேறு யாரும் சிரிக்கக் கூடாது.

"அங்க அடைச்சது எனக்கு மறந்து போச்சு" என்றாள் அம்மா, இப்போது நிமிர்ந்து. "மறந்தது என் தப்பு. வருஷம் இல்லாத சாமான வச்சதும் என் தப்பு. ஆனா அதுல மூடி மட்டுந்தான் என்னுது. மேடு என்னுது இல்ல."

அதிகாரிக்கு அவள் மேல் நம்பிக்கை இருந்தது. நம்பிக்கையை அறிக்கையில் எழுத முடியாது என்றார். ஒரே வழிதான். துளை போட்ட இடத்தில் ஒரு குறுகலான வெட்டு வெட்டி, எல்லோரும் பார்க்க மண்ணின் பக்கத்தைக் காட்ட வேண்டும். அடைத்த வளை என்றால் அதன் வடிவம் தெரியும். மேடு என்றால் அதுவும் தெரியும். அம்மா ஒப்புக்கொண்டால் துறையே ஆள் அனுப்பும். ஒப்புக்கொள்ளாவிட்டால் இருக்கிற அறிக்கைதான் நிற்கும்; லாரிகளுக்கு வழி விட வேண்டியதுதான்.

"ஒரு கரண்டி மண்ணக்கூட எடுக்க விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு அம்மா வெளியேறினாள்.

வீட்டில் பாத்திரங்களின் சத்தம் கூடியது. எந்தப் பேச்சை எடுத்தாலும் கத்தரியால் வெட்டியது போல முடிந்தது. மகள் தொழில்முறையில் எடுத்துச் சொல்லிப் பார்த்தாள்: இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம், மண் சரியாமல் பலகை கொடுக்கலாம்.

"நீ தோண்டறவ. உனக்கு அப்படித்தான் தோணும்."

அப்பா அதுவரை செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். பேருந்துப் பணிமனையில் மின் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அளந்துதான் பேசுவார்.

"இவள எப்படி எடுத்தாங்க?" என்று மகளைக் காட்டிக் கேட்டார்.

"என்ன கேள்வி இது?"

"உன் வயித்தக் கிழிச்சுத்தானே எடுத்தாங்க. வேண்டாம்னியா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "தையல் போட்டாங்க."

"இதுக்கும் போடு. உன்ன விட்டா யாரு போடப் போறா?"

அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு அதிகாரிக்கு போன் போட்டாள். "மேடம், முதல் புல்லு நான்தான் எடுப்பேன். அதுக்குச் சரின்னா வாங்க."

வெட்டிய நாளில் வானம் தெளிவாக இருந்தது. அம்மா மண்டியிட்டு, ரொட்டி வெட்டுவது போல மண்வெட்டியால் புல்தரையைச் சதுரமாக அறுத்து, கிழியாமல் தூக்கி, ஈரச் சாக்கில் அடுக்கினாள். அதன் பிறகு துறை ஆட்கள் சின்னக் கரண்டிகளால் சுரண்டினார்கள். ஆய்வாளர் வந்திருந்தார். மாமா வாசலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தார். பொறுக்காமல் தலைக்கவசத்தோடு உள்ளேயே வந்துவிட்டார்.

"அதக் கழட்டுடா தம்பி. இங்க மேல இருந்து ஒண்ணும் விழாது."

"பழக்கம்க்கா."

மாலைக்குள் வெட்டின் சுவர் சுத்தமாகத் தெரிந்தது. நடுவே ஒரு சட்டைக் கை போல, தளர்ந்த மண் சாய்வாக இறங்கியது. முயல் வளை. அதன் இரண்டு பக்கமும் வேறு உலகம். கறுப்புப் பட்டை, வெளிர் பட்டை, மறுபடி கறுப்பு. மடித்து அடுக்கிய போர்வைகள் போல. புல்தரையைத் துண்டு துண்டாக அறுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து அடுக்கிக் கட்டிய மேடு அது என்று அதிகாரி விளக்கினார். ஒவ்வொரு துண்டும் ஓர் ஆள் தூக்கும் அளவு.

அம்மா ஒரு துண்டின் முன் இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்தாள். தொடவில்லை. காலையில் அவள் அறுத்துச் சாக்கில் வைத்த துண்டும் ஏறக்குறைய அதே அளவுதான்.

"கை அளவு மாறவே இல்ல பாரு" என்றாள் மகளிடம்.

இடுப்பு ஆழத்தில் பழைய தரை வந்தது. கொஞ்சம் கரி, ஒரு பானையின் விளிம்பு. அதிகாரி கையை உயர்த்தி நிறுத்தினார். "போதும். இதுக்குக் கீழ போக வேண்டாம்."

அம்மா பெருமூச்சு விட்டது மேட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும்.

ஆய்வாளர் நெடுநேரம் சுவரைப் பார்த்தார். "நான் எழுதினது தப்புங்கம்மா, திருத்திடறேன். ஆனா நீங்க வச்சதும்..."

"தப்புதாங்க. நானும் திருத்திக்கறேன்." அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள். அவர் குலுக்கினார்.

"இருக்கலாம்" என்ற சொல் எடுக்கப்பட்டது. கடைக்குட்டி ஆறாவதாகப் பட்டியலில் சேர்ந்தது. வாசல் விவகாரம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தீர்ந்தது. தண்ணீர் தேங்கும் பக்கத்துக்கு ஒரு வடிகால் வரைந்து கொடுத்தாள் மகள். மாமா சாப்பிட்டுக்கொண்டே அதில் குழம்பு சிந்தினார். நிறுவனம் வாசலை மாற்ற ஒப்புக்கொண்டது. லாரிகள் இப்போது நேராக வந்து நேராகப் போகும். இதைத்தான் நான் ஆரம்பத்திலேயே சொன்னேன் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.

அதிகாரி ஒரு நிபந்தனை வைத்தார். மழைக்கு முன் வெட்டை மூட வேண்டும், அடியில் வருடம் போட்ட பொருள் வைக்க வேண்டும். தண்ணீர் உள்ளே இறங்கினால் அடுக்குகள் சரிந்து, காட்டியதே கெட்டுவிடும். உலோகம் கூடாது என்று அம்மா. சுட்ட பீங்கான் ஆகும் என்று மகள். வீட்டு வாசல்களில் பதிக்கும் பெயர் ஓடுகள் செய்கிற கடையை அம்மாவே தேடிப் பிடித்தாள்.

தார்ப்பாய் கட்டிய மறுநாள் காலை அம்மா கிளம்பினாள். குளித்து, ஜாக்கெட் மாட்டி, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ஷூவுக்கு முடிச்சுப் போட்டாள். அடுத்ததைப் போடவில்லை. உள்ளே அப்பா, இன்னும் கிளம்பலையா, பஸ் போயிடும் என்று குரல் கொடுத்தார். இரண்டாம் முறை குரல் கொடுத்துவிட்டு வந்து பார்த்தார். மருத்துவமனையில், இதயம், சட்டென்று, வலி இருந்திருக்காது என்றார்கள். மகள் சாலைப் பள்ளம் ஒன்றில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது.

அவள் கேட்டிருந்த விடுப்பு வேறு காரியத்துக்குப் போனது. சனிக்கிழமையும் கடந்து போனது. அப்பா அந்த ஷூவைக் கழற்றி, போடாத ஷூவோடு சேர்த்து வாசலில் வைத்தார். யாரும் அதை எடுக்கவில்லை. தார்ப்பாய் பத்திரமாக இருக்கிறது என்று மாமா தினமும் போன் செய்து சொன்னார். வேறு எதுவும் பேச மாட்டார். ஒருநாள் மட்டும், "மேகம் கூடுதும்மா" என்றார்.

அன்றே மகள் ஓட்டுக் கடைக்குப் போனாள். சின்னக் கடை, பின்னால் சூளை. அலமாரி நிறைய அடுத்தவர்களின் வீட்டுப் பெயர்கள். ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட அம்மா என்றதுமே ஓடு செய்கிறவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"அம்மா வரலையா?"

மகள் சொன்னாள். அவர் ஸ்டூலை இழுத்து அவளுக்குப் போட்டுவிட்டு, உள்ளே போய் ஓர் ஓட்டை எடுத்து வந்தார். உள்ளங்கை இரண்டு சேர்த்த அளவு. மேல் பாதியில் இந்த வருடம் நீலத்தில் எழுதியிருந்தது. கீழ் பாதி வெறுமை. இன்னும் சுடவில்லை. விரல் பட்டால் நீலம் கலையும்.

"வருஷத்துக்குக் கீழ ஒரு வரிக்கு இடம் விடச் சொன்னாங்க. என்னன்னு வந்து சொல்றேன்னாங்க. அதான் சுடாம வச்சிருக்கேன்."

"எதுவும் சொல்லலையா?"

"எத்தன எழுத்து கொள்ளும்னு கேட்டாங்க. சின்னதா எழுதினா நிறையவே கொள்ளும்னேன். அப்ப யோசிக்கணும்னு சிரிச்சிட்டுப் போனாங்க."

மகள் மாமாவுக்கு போன் செய்தாள். அவர் லாரிகளின் சத்தத்துக்கு நடுவே யோசித்தார்.

"உங்கம்மா என்ன எழுதுவா? ஹெல்மெட்டக் கழட்டுன்னு எழுதுவா." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, தார்ப்பாயைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

அப்பாவைக் கேட்டாள். "என்கிட்ட சொல்லலம்மா. உன்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

மகள் அந்த வெற்றிடத்தை விரலால் அளந்தாள், தொடாமல். அம்மா எழுதியிருக்கக்கூடியவை பல வந்தன. எல்லாம் அம்மா குரலில்தான் வந்தன. எதையும் அம்மா சொல்லவில்லை. வெளியே காற்றில் ஈர வாடை தொடங்கியிருந்தது.

"சூளை எப்ப பத்த வைப்பீங்க?"

"இப்ப வச்சிடுவேன். இன்னிக்கு விட்டா அடுத்த வாரம்தான்."

"அப்ப இன்னிக்கே சுட்டுடுங்க. இப்படியே."

"கீழ காலியா இருக்குமேம்மா. பாக்கறவங்க ஏதோ விட்டுப் போச்சுன்னு நெனப்பாங்க."

"விட்டுத்தாங்க போச்சு. இருக்கட்டும்."

அவர் ஓட்டைத் தட்டில் வைத்துச் சூளைப் பக்கம் கொண்டு போனார். மகள் மாமாவுக்கு மறுபடி போன் போட்டு, நாளைக்கு மண் சலிக்க இரண்டு பேர் வேண்டும், ஓடு ஆறியதும் வெட்டை மூடிவிடலாம், முளை எதுவும் கொண்டு வர வேண்டாம் என்றாள்.